தலைப்பிரசவமும் மலையகத் தாயும்: இறுதி வாரங்களில் தாமதம் கூடாது

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்பது நம் முன்னோர் வாக்கு. மருத்துவ வசதிகள் எட்டாத காலத்தில் தலைப்பிரசவத்தை எதிர்நோக்கிய குடும்பங்களின் அச்சம் முழுவதும் அந்த ஒரு வாக்கில் அடங்கியிருந்தது. இன்று நிலைமை பெரிதும் மாறியிருக்கின்றது. இலங்கையில் 1930களில் ஓர் இலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு ஏறத்தாழ 2,000 தாய்மார் மரணத்தைத் தழுவினர். அண்மைய ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை 30 அளவுக்குக் குறைந்துள்ளது. 1926ஆம் ஆண்டு களுத்துறையில் தொடங்கப்பட்ட முதலாவது சுகாதாரப் பிரிவும், அதனைத் தொடர்ந்து கிராமங்கள் தோறும் வீடு வீடாகச் சென்ற மருத்துவிச்சிகளும், இலவச சுகாதார சேவையும், பெண் கல்வியும் ஒன்றுசேர்ந்து ஈட்டிய வெற்றி இதுவாகும். நாட்டின் பிரசவங்களில் நூற்றுக்கு 99க்கும் மேற்பட்டவை இன்று வைத்தியசாலைகளிலேயே நடைபெறுகின்றன.

எனினும் இந்த வெற்றி எல்லாப் பகுதிகளையும் ஒரே அளவில் சென்றடைந்துள்ளது என்று கூற முடியாது. 2006-07ஆம் ஆண்டுகளிலும் 2016ஆம் ஆண்டிலும் நடத்தப்பட்ட குடிசன மற்றும் சுகாதார ஆய்வுகள், 2.5 கிலோவுக்குக் குறைந்த நிறையுடன் பிறக்கும் குழந்தைகளின் வீதம் நகரத்தையும் கிராமத்தையும் விடப் பெருந்தோட்டத் துறையிலேயே அதிகம் என்பதைக் காட்டின. நுவரெலியா, ஹற்றன், மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை, அக்கரப்பத்தனை ஆகிய பகுதிகளின் தோட்டத் தாய்மாரும் வைத்தியசாலையிலேயே பிள்ளை பெறுகின்றனர் என்பது உண்மை. ஆயினும் எத்தகைய உடல் நிலையில், எவ்வளவு நேரம் தாமதித்து அவர்கள் அங்கு போய்ச் சேருகின்றனர் என்பது இன்னும் கவலைக்குரிய விடயமாகவே இருந்து வருகின்றது. முதன்முறையாகத் தாயாகும் ஒருத்தியின் இறுதி வாரங்களை இந்தக் கண்ணோட்டத்தில் நோக்குவது பயனுள்ளதாகும்.

மூன்று தாமதங்கள்

தாய் மரணங்கள் ஏன் நிகழ்கின்றன என்பதை ஆராய்ந்த செரீன் தடேயஸ், டெபோரா மெய்ன் ஆகிய இரு பெண் ஆய்வாளர்கள் 1994ஆம் ஆண்டு ஒரு விளக்கத்தை முன்வைத்தனர். இன்று உலகெங்கும் தாய்-சேய் நலத்துறையினர் அதனைக் கையாண்டு வருகின்றனர். ஆபத்தை உணர்ந்து உதவி நாட முடிவெடுப்பதில் ஏற்படுவது முதலாவது தாமதம். வைத்தியசாலையைச் சென்றடைவதில் ஏற்படுவது இரண்டாவது தாமதம். சென்றடைந்த பின்னர் தகுந்த சிகிச்சை கிடைப்பதில் ஏற்படுவது மூன்றாவது தாமதம். பிரசவத்தின்போது ஏற்படும் குருதிப்பெருக்கு, உயர் குருதி அமுக்கம் போன்ற சிக்கல்களுக்கு இன்று சிகிச்சை உண்டு. ஆகவே பல வேளைகளில் உயிரைப் பறிப்பது நோயைவிடத் தாமதமே ஆகும்.

மலையகத் தோட்டங்களைப் பொறுத்தவரை இந்த மூன்று தாமதங்களுக்கும் தனித்தனியான காரணங்கள் உள்ளன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

உடலின் அறிகுறிகளை இனங்காணுதல்

கர்ப்பம் 36 வாரங்களைக் கடந்ததும் தாயின் உடலில் பல மாற்றங்கள் தோன்றுகின்றன. முதற் பிள்ளையாயின் சிசுவின் தலை பிரசவத்துக்குச் சில வாரங்கள் முன்பாகவே இடுப்புக் குழிக்குள் இறங்கத் தொடங்கும். அப்போது மூச்சு விடுவது சற்று இலகுவாகும். அதே வேளை சிறுநீர்ப்பை நெருக்குண்டு இரவில் பலமுறை எழ வேண்டி வரும். இடுப்பும் முதுகும் வலிக்கும். கால்கள் வீங்கும். உறக்கம் கலையும். லயன் அறைக்கு வெளியே, இருளிலும் குளிரிலும், வழுக்கும் படிகளில் இறங்கி மலசலகூடத்துக்குச் செல்ல வேண்டிய நிலையில் உள்ள பெண்ணுக்கு இந்தச் சாதாரண உபாதையே ஓர் ஆபத்தாகி விடுகின்றது. இரவில் துணைக்கு ஒருவர் எழுந்து செல்வதும், படியோரத்தில் ஒரு விளக்கு இருப்பதும் சிறிய விடயங்கள். ஆனால் ஒரு வீழ்ச்சியைத் தவிர்க்க அவை போதும்.

இக்காலத்தில் அடிவயிறு அவ்வப்போது இறுகித் தளர்வதுண்டு. இதனைச் சூட்டு வலி என்றும் பொய்வலி என்றும் நம்மவர் கூறுவர். இது ஒழுங்கின்றி வந்து, ஓய்வெடுத்தால் அடங்கிவிடும். மெய்யான பிரசவ வலியோ முதுகில் தொடங்கி முன்புறம் பரவி, நேரம் செல்லச் செல்ல இடைவெளி குறைந்து, வலிமை கூடிக்கொண்டே போகும். நடந்தாலும் படுத்தாலும் அது நிற்காது. குருதி கலந்த சளி போன்ற கசிவு வெளிப்படலாம். நீர்க்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

தலைப்பிரசவம் பொதுவாக மெதுவாகவே நகரும். உலக சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டல்களின்படி, கருப்பை வாய் 5 சென்ரிமீற்றர் விரிந்த பின்னர் முழுமையாக விரியும் வரையான காலம் முதற் பிரசவத்தில் வழமையாக 12 மணித்தியாலங்களைத் தாண்டுவதில்லை. அதற்கு முந்திய கட்டத்தின் நீளம் ஆளுக்கு ஆள் வேறுபடும். எனவே வலி கண்டவுடன் பதற்றப்பட வேண்டியதில்லை. அதற்காக விடியும்வரை காத்திருப்போம் என்று இருந்துவிடவும் கூடாது. நகரத்துப் பெண்ணுக்கு அரை மணித்தியாலமாக உள்ள பயணம் தோட்டத்துப் பெண்ணுக்கு இரண்டு மணித்தியாலமாக இருக்கலாம். அந்த வித்தியாசத்தையும் கணக்கில் எடுத்தே புறப்படும் நேரத்தைத் தீர்மானிக்க வேண்டும். குறித்த திகதி என்பது ஒரு மதிப்பீடு மாத்திரமே என்பதையும் குடும்பத்தினர் அறிந்திருத்தல் நல்லது. மிகச் சில குழந்தைகளே சரியாக அந்த நாளில் பிறக்கின்றன. அதே வேளை 41 வாரங்கள் நிறைந்தும் வலி காணாவிட்டால் வீட்டில் இருக்கலாகாது.

சில அறிகுறிகளுக்கு ஒரு கணமும் காத்திருக்கக் கூடாது. எந்த அளவிலேனும் குருதி வெளியேறுதல், விடாத தலைவலி, பார்வை மங்குதல், முகமும் கைகளும் திடீரென வீங்குதல், மேல்வயிற்றில் கடும் வலி, காய்ச்சல், வலிப்பு என்பவை அவற்றுள் முக்கியமானவை. தலைவலியும் முகவீக்கமும் உயர் குருதி அமுக்கத்தின் அடையாளங்களாக இருக்கக்கூடும். அமுக்கம் 140/90 என்ற அளவை எட்டினாலே வைத்தியர்கள் விழிப்படைகின்றனர். முதற் கர்ப்பத்திலேயே இந்நோய் அதிகம் தோன்றுகின்றது என்பதால், பனியில் நின்றதால் வந்த தலையிடி என்று தைலம் பூசிவிட்டு இருந்துவிடுவது பெரும் தவறாகும்.

சிசுவின் அசைவு மற்றோர் அளவுகோல். காலையில் எண்ணத் தொடங்கி 12 மணித்தியாலங்களுக்குள் 10 அசைவுகளை உணர வேண்டும் என்பது கிளினிக்குகளில் கற்பிக்கப்படும் கணக்கு. அதனைவிட முக்கியமானது தாயின் சொந்த அனுபவம். வழமையைவிட அசைவு குறைந்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றினாலே அன்றைய தினமே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். பிள்ளை இறங்கிவிட்டால் அசையாது என்ற பேச்சுக்கு மருத்துவ ஆதாரம் கிடையாது.

யார் முடிவெடுப்பது?

இந்த அறிகுறிகளையெல்லாம் முதன்முறை அனுபவிக்கும் பெண்ணுக்கு எது இயல்பு, எது ஆபத்து என்று பிரித்தறிவது கடினம். கேட்பதற்கும் அவள் கூச்சப்படுகின்றாள். லயத்தில் சுற்றியிருப்போர் சொல்லும் பழைய பிரசவக் கதைகள் அவளது அச்சத்தைக் கூட்டுகின்றன. தோட்ட இளைஞர்களில் பலர் கொழும்பிலும் ஏனைய நகரங்களிலும் கடைகளிலும் கட்டிட வேலைகளிலும் இருப்பதால் கணவன் வீட்டில் இல்லாத நிலையும் பரவலாக உள்ளது. மாமியாரோ கணவனின் சம்மதமின்றி எப்படி அனுப்புவது என்று தயங்குகின்றார். தொலைபேசியில் பேசி, கைக்காசு தேடி, வாகனம் பிடிப்பதற்குள் பல மணித்தியாலங்கள் கழிந்து விடுகின்றன.

இத்தயக்கத்துக்கு மருந்து முன்கூட்டியே பேசி வைப்பதுதான். எந்த வைத்தியசாலை, யாருடைய வாகனம், உடன் செல்பவர் யார், பணம் எங்கே, கணவன் இல்லாதபோது முடிவெடுப்பவர் யார் என்ற ஐந்து கேள்விகளுக்கும் 36ஆவது வாரத்துக்கு முன்பாகவே வீட்டில் விடை இருக்க வேண்டும். கிளினிக்குகளில் நடத்தப்படும் தாய்மார் வகுப்புகளுக்குக் கணவன்மாரும் செல்லலாம். மாமியாரும் சென்றால் இன்னும் நல்லது.

முஸ்லிம் குடும்பங்கள் சிலவற்றில் ஆண் வைத்தியர் பரிசோதிப்பாரே என்ற தயக்கம் காணப்படுகின்றது. பெண் வைத்தியரை விரும்புவதில் தவறில்லை. ஆயினும் உயிர் காக்கும் அவசியம் ஏற்படும்போது ஆண் வைத்தியரின் சிகிச்சையைப் பெறுவதை மார்க்கம் அனுமதிக்கின்றது என்பதை மார்க்க அறிஞர்கள் தெளிவுபடுத்தியுள்ளனர். அவ்வாறே, தனக்கோ சிசுவுக்கோ தீங்கு நேரும் என அஞ்சும் கர்ப்பிணிக்கு ரமழான் நோன்பிலிருந்து சலுகை உண்டு. இறுதி வாரங்களில் உள்ள தாய் இச்சலுகையைப் பயன்படுத்துவதை யாரும் குறையாகக் கருதலாகாது.

தாய்வீடு செல்லும் வழக்கம்

ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பு நடத்தி, தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்வது தமிழரிடையே பழகிய வழக்கம். முஸ்லிம் குடும்பங்களிலும் பெண் தாயின் பராமரிப்பில் பிள்ளை பெறுவதையே பெரிதும் விரும்புகின்றனர். அச்சத்தில் இருக்கும் பெண்ணுக்குத் தாயின் அருகாமை பெரும் ஆறுதல் என்பதால் இது பேணத்தக்க வழக்கமேயாகும்.

ஆனால் இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உள்ளது. மஸ்கெலியாத் தோட்டமொன்றில் வாழும் பெண் லிந்துலையில் உள்ள தாய்வீட்டுக்குச் செல்லும்போது அவளை இதுவரை கவனித்து வந்த குடும்பநல உத்தியோகத்தரின் பிரிவிலிருந்து விலகி விடுகின்றாள். புதிய பிரிவின் உத்தியோகத்தருக்கு அவள் வந்திருப்பது தெரியாது. வாரந்தோறும் குருதி அமுக்கமும் சிறுநீரும் பரிசோதிக்கப்பட வேண்டிய அதே வாரங்களில் அவள் எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவளாகி விடுகின்றாள். ஆகவே புறப்படுமுன் பழைய இடத்தில் அறிவிப்பதும், போய்ச் சேர்ந்த ஓரிரு நாட்களுக்குள் புதிய இடத்தில் பதிவு செய்துகொள்வதும் இன்றியமையாதவை. கர்ப்பகாலப் பதிவேட்டினைத் தாய் எங்கு சென்றாலும் கையோடு வைத்திருக்க வேண்டும். நள்ளிரவில் அறிமுகமற்ற வைத்தியசாலைக்குச் செல்ல நேர்ந்தாலும் அவளது குருதி வகை, முந்திய நோய்கள், பரிசோதனை முடிவுகள் ஆகிய அனைத்தையும் வைத்தியருக்குச் சொல்வது அந்தப் பதிவேடுதான்.

பாதையும் வாகனமும்

இரண்டாவது தாமதம் பாதையில் நிகழ்கின்றது. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது. சுற்றியுள்ள தோட்டங்களின் மேற்பிரிவுகள் பலவற்றுக்குச் செல்லும் பாதைகள் குன்றும் குழியுமாகவே உள்ளன. தோட்ட லொறியை நம்பியும், முச்சக்கரவண்டியை நம்பியும், சில இடங்களில் நோயாளியைக் கதிரையில் வைத்துத் தூக்கியும் பிரதான வீதியை அடைய வேண்டியுள்ளது.

கடந்த காலத்தோடு ஒப்பிடுகையில் முன்னேற்றங்கள் உண்டு. இந்திய உதவியுடன் டிக்கோயாவில் நிர்மாணிக்கப்பட்ட 150 கட்டில்களைக் கொண்ட வைத்தியசாலைக் கட்டடம் 2017ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் திகதி இந்தியப் பிரதமரால் திறந்து வைக்கப்பட்டது. நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையும் புதிய கட்டடத் தொகுதியைப் பெற்றுள்ளது. மேலதிக சிகிச்சை தேவைப்படுவோர் நாவலப்பிட்டி, பேராதனை, கண்டி வைத்தியசாலைகளுக்கு அனுப்பப்படுகின்றனர். 2016ஆம் ஆண்டு மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கி, பின்னர் நாடு முழுவதும் விரிவாக்கப்பட்ட 1990 'சுவசெரிய' அம்பியூலன்ஸ் சேவை முற்றிலும் இலவசமானது. இந்த எண்ணைத் தோட்டத்திலுள்ள ஒவ்வொரு வீட்டின் சுவரிலும் எழுதி வைப்பது பயனுள்ளதாகும். வண்டி லயத்து வாசல் வரை வர முடியாத தோட்டங்களில், அது வந்து நிற்கக்கூடிய இடத்தையும் அங்குவரை தாயைக் கொண்டு சேர்க்கும் வழியையும் முன்னரே தீர்மானிக்க வேண்டும். இது தோட்ட நிர்வாகமும் தோட்டத் தலைவர்களும் ஏற்க வேண்டிய பொறுப்பு.

மழைக்காலம் இக்கணக்கையெல்லாம் மாற்றிவிடும். 2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் வீசிய 'டித்வா' சூறாவளியின்போது மலையக மாவட்டங்களில் மண்சரிவுகள் ஏற்பட்டுப் பல வீதிகள் துண்டிக்கப்பட்டதையும், உயிர்கள் பறிபோனதையும் எவரும் மறந்திருக்க முடியாது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய எச்சரிக்கைகளை நிற அடிப்படையில் படிப்படியாக விடுக்கின்றது. 36 வாரங்களைக் கடந்த தாய் உள்ள வீட்டினர் இறுதிக் கட்ட எச்சரிக்கை வரும்வரை இருக்கலாகாது. முதற்கட்ட எச்சரிக்கையிலேயே வைத்தியசாலைக்கு அருகில் உள்ள உறவினர் வீட்டுக்கு அவளை மாற்றுவதே அறிவுடைமை. ஒவ்வொரு தோட்டத்திலும் அந்த மாதத்தில் பிரசவத்தை எதிர்நோக்கும் தாய்மாரின் பட்டியல் ஒன்று குடும்பநல உத்தியோகத்தரிடம் உண்டு. அனர்த்த வேளையில் முதலில் வெளியேற்ற வேண்டியோர் யார் என்பதற்கு அப்பட்டியலே போதுமானது.

குருதிச்சோகையும் தேநீரும்

தாமதம் எல்லோருக்கும் கேடு. குருதிச்சோகை உள்ள தாய்க்கு அது இரட்டைக் கேடு. ஈமோகுளோபின் 11 கிராமுக்குக் குறையும்போது கர்ப்பிணி ஒருத்திக்குக் குருதிச்சோகை உள்ளதாகக் கணிக்கப்படுகின்றது. பிரசவத்தில் சிறிதளவு குருதி வெளியேறுவது இயல்பு. ஆரோக்கியமான பெண் அதனைத் தாங்கிக் கொள்கின்றாள். ஏற்கெனவே குருதி குன்றிய பெண்ணோ சாதாரண இழப்பிலேயே தளர்ந்து விடுகின்றாள். குருதிப்பெருக்கு ஏற்பட்டால் அவளைக் காப்பாற்றக் கிடைக்கும் நேரமும் மிகக் குறைவு.

தோட்டத் துறையில் குருதிச்சோகை நீடிப்பதற்கு வறுமை முதற் காரணம். கோதுமை மா ரொட்டியும் சம்பலும் நாளாந்த உணவாக உள்ள வீட்டில் கீரை, பருப்பு, முட்டை, மீன், நெத்தலி ஆகியவை இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்படுகின்றன. அதிலும் பெண் கடைசியாக, மிஞ்சியதை உண்கின்றாள். இதற்கு மேலாக இன்னொரு காரணமும் உண்டு. உணவோடும், உணவு உண்ட கையோடும் குடிக்கும் சாயத் தண்ணீர், உணவிலும் மாத்திரையிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் உறிஞ்சுவதைத் தடுக்கின்றது. உலகுக்குத் தேயிலை பறித்துக் கொடுக்கும் பெண்ணின் குருதியை அதே தேயிலையே குறைக்கின்றது என்பது வேதனையான உண்மை. தேநீரை அடியோடு விட வேண்டியதில்லை. உணவுக்கும் இரும்பு மாத்திரைக்கும் ஒரு மணித்தியாலமேனும் முன்போ பின்போ குடித்தால் போதும். மாத்திரையைத் தேசிக்காய்ச் சாற்றுடனோ நெல்லிக்காயுடனோ எடுத்தால் இரும்பு நன்கு சேரும். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் சிசுவின் நிறையைக் குறைக்கும் என்பதால் கர்ப்ப காலத்தில் அதனை முற்றாகக் கைவிட வேண்டும்.

1973ஆம் ஆண்டு முதல் வழங்கப்பட்டு வரும் திரிபோஷா சத்துமா கர்ப்பிணிக்கு உரியது. அது வீட்டில் உள்ள அனைவருக்கும் பங்கிடப்படும் போது தாய்க்கு எஞ்சுவது சொற்பமே. பசித்திருக்கும் பிள்ளைகளிடம் பங்கிடாதே என்று தாயிடம் கூறுவது இலகுவல்ல. அதனால்தான் கர்ப்பிணியின் போஷாக்கு குடும்பத்தின் வருமானத்திலிருந்து பிரிக்க முடியாத விடயமாக உள்ளது.

உயரம் குறைந்த தாய்மாரையும் இங்கு குறிப்பிட வேண்டும். தலைமுறை தலைமுறையாக நிலவிய போஷாக்கின்மை காரணமாகத் தோட்டப் பெண்களில் பலர் குள்ளமானவர்களாக உள்ளனர். 145 சென்ரிமீற்றருக்குக் குறைந்த உயரமுடைய பெண்ணின் இடுப்பெலும்பு ஒடுங்கியிருக்கக்கூடும் என்பதால், தலைப்பிரசவத்தின்போது அவர் மகப்பேற்று விசேட வைத்திய நிபுணர் உள்ள வைத்தியசாலைக்குச் செல்வதே பாதுகாப்பானது.

மலையும் கூடையும் சட்டமும்

முதற் பிள்ளையைச் சுமக்கும் தோட்டத் தொழிலாளிப் பெண் எத்தனையாவது வாரம் வரை மலைக்குச் செல்வது? கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, செங்குத்தான சரிவில், ஈரமண்ணில் நின்று கொழுந்து பறிப்பது எளிய வேலையன்று. வயிறு முன்தள்ளிய நிலையில் உடலின் சமநிலையும் மாறிவிடுகின்றது. ஆயினும் நாட் சம்பளத்தை இழக்க முடியாத நிலை அவளைப் பெரட்டுக்களத்துக்கு இழுத்துச் செல்கின்றது.

இவ்விடயத்தில் சட்டம் பழைமையானது. பிரித்தானியர் ஆட்சியில் 1912ஆம் ஆண்டு இயற்றப்பட்ட கட்டளைச் சட்டமே, தோட்டத்தில் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாத காலம் உணவும் உறைவிடமும் வழங்க வேண்டும் எனத் தோட்ட நிர்வாகத்தைப் பணித்தது. 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் சம்பளத்துடன் கூடிய விடுமுறையை உரிமையாக்கியது. முன்னர் முதலிரு பிள்ளைகளுக்கு மாத்திரமே முழு விடுமுறை கிடைத்தது. 2018ஆம் ஆண்டின் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கி, எத்தனையாவது பிள்ளையாயினும் 84 நாட்கள் என்று விதித்தது. இதில் 14 நாட்கள் பிரசவத்துக்கு முன்னரும் 70 நாட்கள் பின்னரும் எடுப்பதற்குரியவை. பிரசவத்துக்கு முந்திய மூன்று மாதங்களில் தாய்க்கோ சிசுவுக்கோ தீங்கு விளைவிக்கக்கூடிய வேலையில் அவளை அமர்த்துவதையும், கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலை நீக்குவதையும் இச்சட்டம் தடை செய்கின்றது. குழந்தைக்கு ஒரு வயதாகும் வரை பாலூட்டுவதற்கு இடைவேளைகளும் உண்டு.

இந்நன்மையைப் பெறுவதற்கு, அறிவித்தல் கொடுப்பதற்கு முந்திய ஒரு வருடத்தில் 150 நாட்கள் வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உள்ளது. மசக்கையாலும் குருதிச்சோகையாலும் பல நாட்கள் வேலைக்குச் செல்ல முடியாத பெண்ணுக்கும், வேலை நாட்கள் குறைக்கப்பட்ட தோட்டத்தில் உள்ள பெண்ணுக்கும் அந்த எண்ணிக்கையை எட்டுவது பெரும்பாடு. அந்த நாட்களை நிரப்புவதற்காகவே இறுதி மாதங்களில் மலையேறுவோரும் உள்ளனர். அண்மைக் காலமாகச் சில கம்பனிகள் தேயிலை நிலத்தைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, கொழுந்தைக் கிலோ கணக்கில் வாங்கும் முறையைப் புகுத்தி வருகின்றன. இம்முறையில் அப்பெண் தொழிலாளியாகக் கருதப்படாவிட்டால் மகப்பேற்று நன்மையும் கைநழுவிப் போகின்றது. இதனைத் தொழிற்சங்கங்களும் தொழில் திணைக்களமும் உன்னிப்பாக நோக்க வேண்டும்.

வைத்தியசாலைக்குள் மொழி

மூன்றாவது தாமதம் வைத்தியசாலைக்கு உள்ளே நேர்வது. சிறிய வைத்தியசாலையிலிருந்து பெரிய வைத்தியசாலைக்கு மாற்றுவதில் ஏற்படும் தாமதம் ஒரு பகுதி. மற்றையது மொழி. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆனால் பிரசவ அறையில் கடமையில் உள்ளோருக்குத் தமிழ் தெரியாதபோதும், தாய்க்குச் சிங்களம் தெரியாதபோதும் அவ்வேற்பாடு ஏட்டோடு நின்றுவிடுகின்றது. வலியின் உச்சத்தில் எப்போது முக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்ற அறிவுறுத்தல் புரியாதவள் பிடிவாதக்காரி எனத் தவறாக எண்ணப்படுகின்றாள். தலைவலி, கண் மங்கல் என்று அவள் சொல்வது உரியவரைச் சென்றடைவதில்லை. சிங்கள மொழி பேசும் தாதியரிலும் மருத்துவ மாதரிலும் பலர் தாமாகவே தமிழ் பழகி அன்போடு பணியாற்றுகின்றனர் என்பதையும் நன்றியுடன் குறிப்பிட வேண்டும். எனினும் தனிமனிதரின் நல்லெண்ணத்தில் மாத்திரம் இது தங்கியிருக்கலாகாது. மலையக இளம் பெண்கள் தாதியராகவும் குடும்பநல உத்தியோகத்தராகவும் கூடுதலாகப் பயிற்சி பெறுவதே நிலையான தீர்வு. விஞ்ஞானக் கல்வி வசதியுள்ள பாடசாலைகள் தோட்டப் புறங்களில் பெருகுவது அதற்கான முதற்படி.

தாய்க்கு விருப்பமான ஒருவர் பிரசவ வேளையில் அருகில் இருப்பதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கின்றது. இட வசதியுள்ள வைத்தியசாலைகளில் இதற்கு இடமளித்தால் மொழிச் சிக்கலும் அச்சமும் ஒருங்கே குறையும்.

முதல் மணித்தியாலம்

குழந்தை பிறந்த ஒரு மணித்தியாலத்துக்குள் தாய்ப்பால் ஊட்டத் தொடங்க வேண்டும். மஞ்சள் நிறமான முதற்பால், அதாவது சீம்பால், குழந்தைக்கு நோயெதிர்ப்புச் சக்தியை அளிக்கின்றது. அதனைக் கறந்து ஊற்றிவிடுவது பெரும் இழப்பு. தமிழரிடையே சேனை வைக்கும் வழக்கமும், முஸ்லிம்களிடையே பேரீச்சம்பழத்தால் தஹ்னீக் செய்யும் நடைமுறையும் உள்ளன. இவை பற்றி முன்கூட்டியே வைத்தியரிடமோ தாதியிடமோ கலந்து பேசுவது நல்லது. தேன் மட்டும் ஒரு வயது நிறையும்வரை எந்தக் குழந்தைக்கும் கொடுக்கக் கூடாது. அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் பச்சிளங்குழந்தைக்கு நஞ்சாகலாம். குளிர் மிகுந்த பிரதேசமாதலால் நிறை குறைந்த குழந்தையைத் தாயின் மார்போடு தோல்படச் சேர்த்து அணைத்து, தலையை மூடி வைத்தல் மிகச் சிறந்த பாதுகாப்பாகும்.

பிரசவத்தோடு ஆபத்து முடிந்துவிடுவதில்லை. வீடு திரும்பிய பின்னரும் அதிக குருதிப்போக்கு, காய்ச்சல், கடும் தலைவலி ஏற்பட்டால் உடனே வைத்தியசாலைக்குத் திரும்ப வேண்டும். காரணமின்றி அழுவதும், குழந்தையின் மீது நாட்டமின்றி இருப்பதும் சில வாரங்கள் நீடித்தால் அதுவும் சிகிச்சைக்குரிய நோயே. பேய் பிடித்ததாகவோ நடிப்பாகவோ அதனைத் தள்ளிவிடலாகாது.

இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்நாட்டின் பொருளாதாரத்துக்கு உழைத்துவரும் சமூகத்தின் அடுத்த தலைமுறை இந்தத் தாய்மாரின் வயிற்றில் வளர்கின்றது. கணவன் 36ஆவது வாரத்துக்கு முன்பாக வாகனத்துக்கு ஏற்பாடு செய்வதும், மாமியார் ஒரு முட்டையை மருமகளுக்கென எடுத்து வைப்பதும், கங்காணி அவளுக்குச் சமதரையில் இலகுவான வேலை கொடுப்பதும், துரை தோட்ட வாகனத்தை இரவிலும் தயாராக வைத்திருப்பதும், வைத்தியசாலை அவளது மொழியில் ஒரு வார்த்தை பேசுவதும் பெரும் செலவை வேண்டுபவை அல்ல. இறுதி ஐந்தாறு வாரங்களில் இவை ஒன்றுகூடினால், தலைப்பிரசவத்தை எதிர்நோக்கும் மலையகப் பெண் அச்சமின்றி வைத்தியசாலை வாசலை மிதிப்பாள். பிள்ளையோடு நலமாக வீடு திரும்புவாள்.